பிளாஸ்டரில் எழுதிய மணி

"கிரீம் தடவுறதுக்கு எதுக்கு மேடம் நர்ஸ்? அதெல்லாம் கஸ்டமரே வீட்டுல தடவிட்டு வந்துருவாங்க."

போன மார்கழியில், தை முகூர்த்தத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, என் தம்பி மகளோடு ஒரு லேசர் நிலையத்துக்குப் போயிருந்தேன். இரண்டு காலிலும் முடி நீக்குவதற்கு முன்பணம் கட்டியிருந்தாள். வரவேற்பில் இருந்த பெண் ஒரு வெள்ளை டப்பாவையும், பாத்திரம் மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுருள் ஒன்றையும் பையில் போட்டுக் கொடுத்தாள். காலை எட்டு மணிக்குத் தொடையிலிருந்து கணுக்கால் வரை தடவி, தாளைச் சுற்றி, மேலே சுடிதார் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டுமாம். பத்தரை மணிக்கு லேசர். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மருந்தின் பெயர் இல்லை, எத்தனை சதவீதம் என்று இல்லை, தயாரித்தது யார் என்றும் இல்லை. எவ்வளவு தடவ வேண்டும் என்று கேட்டேன். "நல்லா தாராளமா" என்றாள். நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்குத்தான் மேலே எழுதிய பதில்.

அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அவளுக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 32 ஆண்டு அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து, அதில் 19 ஆண்டைத் தோல் பிரிவின் சிறு அறுவை அறையில், அதாவது மைனர் ஓ.டி.யில், கழித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். தோலை மரக்க வைக்கும் நம்பிங் கிரீம் தடவுவது என் வேலையில் பாதி. அது வேலையே இல்லை என்று ஒருவர் சொல்லக் கேட்டபோது நெஞ்சு எரிந்தது. வீட்டுக்கு வந்து நான்கு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. எங்கள் கையில் புழங்கியது லிக்னோகைன் 2.5 சதவீதம், பிரிலோகைன் 2.5 சதவீதம் சேர்ந்த கிரீம். 10 சதுர செ.மீ. தோலுக்கு 1 முதல் 2 கிராம். பத்து ரூபாய் நாணயம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பரப்பு வரும், அவ்வளவுதான். வளர்ந்தவர்களுக்கு, புதிதாகச் சவரம் செய்த பெரிய பரப்பு என்றால் உச்ச வரம்பு 60 கிராம், 600 சதுர செ.மீ. ஒரு பெண்ணின் இரண்டு காலும் சேர்ந்தால் 5,000 சதுர செ.மீ.யைத் தாண்டும். வரம்பைப் போல எட்டு மடங்கு பரப்பில், பெயர் தெரியாத மருந்தை, "நல்லா தாராளமா" தடவி, ஆவி போகாமல் சுற்றிக் கட்டி, நெரிசலான பஸ்ஸில் நிற்க வைக்கிறார்கள். சூடு ஏற ஏற மருந்து உள்ளே இறங்குவதும் கூடும்.

இது என் பயம் மட்டும் இல்லை. 2007 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வெளிப்படையாக ஓர் எச்சரிக்கை விட்டது. 22 வயதில் ஒரு பெண், 25 வயதில் ஒரு பெண். லேசர் முடி நீக்கத்துக்கு முன் காலில் இந்த வகைக் கிரீமைத் தடவி, சொல்லிக் கொடுத்தபடியே பிளாஸ்டிக் தாளைச் சுற்றியிருக்கிறார்கள். கடையில் கலந்து கொடுத்த, மருந்து அளவு கூடிய கிரீம். இருவருக்கும் வலிப்பு வந்தது, நினைவு தப்பியது, இருவரும் இறந்துபோனார்கள். என் தம்பி மகளுக்கு 24 வயது.

இனி எங்கள் பெரிய சிஸ்டரைப் பற்றி. குமரி மாவட்டத்துக்காரர். நான் மைனர் ஓ.டி.க்கு மாறுதலாகி வந்தபோது அவருக்கு ஓய்வுபெற ஆறு ஆண்டு பாக்கி இருந்தது. முதல் நாள் ஒரு பையனுக்குக் கழுத்தில் மரு எடுக்க வேண்டும். டியூபைப் பிதுக்கி நன்றாகத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"தேய்க்காத மக்ளே. இது தைலமா?"

நான் தேய்த்ததை எல்லாம் வழித்து எடுத்தார். மருக்களைச் சுற்றி முதலில் பேனாவால் வட்டம் போட்டார். கிரீம் போட்ட இடம் வெளுத்து உப்பிவிட்டால் சின்ன மரு கண்ணுக்கு அகப்படாது. கிரீம் பட்ட தோலில் பிறகு பேனாவும் ஓடாது. அப்புறம் தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு விரிக்காமல் விட்டதுபோலக் கிரீமைத் திட்டாக வைத்தார். மேலே பிலிம் டிரெஸ்ஸிங்கை ஒட்டினார். பிலிம் எங்களுக்கு எப்போதாவதுதான் வரும். இல்லாத நாளில் சுத்தமான பாலிதீன் துண்டை வெட்டி நான்கு பக்கமும் மைக்ரோபோர் ஒட்டுவோம். அந்த மைக்ரோபோர் மேலேயே பேனாவால் எழுதினார்: 9.10, 2 கிராம், தன் பெயரின் முதல் எழுத்து.

அன்று மத்தியானம் என் இடது முன்னங்கையிலும் அதேபோல ஒரு திட்டு வைத்து மூடினார். இருபது நிமிஷம் கழித்து ஓர் ஓரத்தைத் திறந்து ஊசி முனையால் தொட்டார். தோல் அதற்குள் வெளுத்துவிட்டிருந்தது, ஆனால் சுரீர் என்றது. நாற்பது நிமிஷத்தில் ஒரு பக்கம் வலித்தது, ஒரு பக்கம் இல்லை. ஒரு மணி நேரம் ஆன பிறகு தொடுவது மட்டும் தெரிந்தது. "வெளுத்தா மரத்துப்போச்சுன்னு நெனைச்சியே, இப்ப தெரிஞ்சுதா?" என்றார். புதிதாக வருகிற ஒவ்வொரு நர்ஸுக்கும் இதைச் செய்வார். ஒரு மணி நேரத்தில் மருந்து ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழம் இறங்குகிறது, இரண்டு மணி நேரத்தில் 5 என்று பிறகு புத்தகத்தில் படித்தேன். எனக்கு அது முன்னங்கையிலேயே தெரிந்திருந்தது.

இந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் வேலையின் ஓயாத சண்டை. ஓ.பி. முடிந்ததும் டாக்டர்கள் வரிசையாகக் கேஸை முடிக்கப் பார்ப்பார்கள். "இருபது நிமிஷம் ஆச்சுல்ல சிஸ்டர், போதும்" என்பார்கள். பெரிய சிஸ்டர் பிளாஸ்டரில் இருக்கிற மணியைக் காட்டுவார், வாயைத் திறக்க மாட்டார். அவர் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஓ.பி. சீட்டில் "மைனர் ஓ.டி." என்று எழுதியவுடனே ஆளை எங்களிடம் அனுப்பிவிட வேண்டும். நாங்கள் காலையிலேயே தடவி உட்கார வைத்துவிடுவோம். ஓ.பி. முடிகிறபோது நேரமும் சரியாக இருக்கும். சுவரில் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு தொங்கும். யாருக்கு, எந்த இடத்தில், எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்று அதில் எழுதியிருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாத ஏற்பாடு. அவர் இருந்தவரை எங்கள் மைனர் ஓ.டி.யில் குழந்தையின் அலறல் வெளியே கேட்டதில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. மூன்று மாதத்துக்குள் என்றால் 1 கிராம், ஒரு மணி நேரம், அதற்குமேல் கூடாது. ஒரு வயதுக்குள் 2 கிராம். ஆறு வயது வரை 10 கிராம், 100 சதுர செ.மீ. வயதை மட்டும் பார்த்தால் போதாது. எடை அதற்கேற்ப இல்லாத குழந்தைக்கு அளவு இன்னும் இறங்கும். கரப்பான் உள்ள குழந்தைக்கு மொலஸ்கம் சுரண்ட வரும்போது எல்லாக் கணக்கும் மாறிவிடும். மொலஸ்கத்தை அம்மாக்கள் பாலுண்ணி என்பார்கள். கரப்பான் தோல் சல்லடை மாதிரி. கால் மணியிலிருந்து அரை மணிக்குள் மரத்துவிடும், மருந்தும் அதே வேகத்தில் ரத்தத்துக்குப் போகும். ஐம்பது மொலஸ்கத்தையும் ஒரே நாளில் எடுத்துவிடச் சொல்லி அம்மா கெஞ்சுவாள், பஸ் செலவைச் சொல்லுவாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் அன்றைக்கு எத்தனை கிராம் போடலாமோ அதற்குள் அகப்படுகிற பத்துப் பன்னிரண்டைத்தான் எடுப்போம். குழந்தை பிளாஸ்டரைப் பிய்த்து வாயில் வைத்துக்கொள்ளாமல் இருக்க இரண்டு கையிலும் காலுறையை மாட்டிவிடுவோம். இமை ஓரத்து மருவுக்கு இந்தக் கிரீமைத் தொடவே மாட்டோம். கண்ணுக்குள் போனால் விழி எரிந்து புண்ணாகும், மரத்துப்போன கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது. உள்ளங்கால் ஆணிக்கு எவ்வளவு வைத்தாலும் வீண்.

இவ்வளவும் கையில் பழகி, எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அது நடந்தது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கழுத்தைச் சுற்றிலும் இருந்த மருக்களை எடுக்க வந்தார். கூடவே மனைவி. "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். கழுத்தைச் சுற்றித் தடவி மூடினேன். டாக்டரை வார்டுக்கு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு மணி இரண்டாகி, மூன்றை நெருங்கிவிட்டது. பிளாஸ்டரில் மணி எழுதியிருந்தேன். எழுதியவள் திரும்பிப் பார்க்கவில்லை. "தலை கனக்குது சிஸ்டர்" என்று அவராகத்தான் வந்து சொன்னார். ஆள் கொஞ்சம் கருமையாக இருந்தார். பிறவி நிறம் என்று நினைத்திருந்தேன். பெரிய சிஸ்டர் அவருடைய கீழ் உதட்டை விரலால் மடித்து உட்புறத்தைப் பார்த்தார். நாவல் பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது.

முதலில் கிரீமை வழித்துத் துடைக்கச் சொன்னார். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 86 காட்டியது. ஆக்சிஜன் வைத்தோம், எண் அசையவில்லை. டாக்டர் ஓடிவந்து ரத்தம் எடுத்தார். பெரிய சிஸ்டர் ஒரு வெள்ளை காஸ் துண்டில் அதிலிருந்து ஒரு சொட்டு விட்டார். பக்கத்திலேயே தன் விரலைக் குத்தித் தன் ரத்தம் ஒரு சொட்டு. இரண்டையும் காற்றுப் படும்படி வைத்தார். அவருடையது செக்கச்செவேல் என்று ஆனது. நோயாளியுடையது காய்ந்த டிகாக்ஷன் நிறத்திலேயே நின்றது. மெத்ஹீமோகுளோபின். ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ரத்தம். பிரிலோகைன் உடலில் உடையும்போது வருகிற பொருள் இதைச் செய்யும். ஆனால் கழுத்தில் தடவியதற்கு இவ்வளவு ஏன்?

பெரிய சிஸ்டர் மனைவியை வெளியே டீ வாங்கிவர அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு நோயாளியின் காதருகே குனிந்து கேட்டார்: "மாசத்துல ஒரு நாள் மூத்திரம் செவப்பாப் போகுமா தம்பி?"

அவர் அழுதுவிட்டார். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொழுநோய்க்கான எம்டிடி அட்டை வாங்கி ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. மாதம் ஒரு முறை விழுங்கும் ரிஃபாம்பிசின் மூத்திரத்தைச் சிவப்பாக்கும். தோல் கருத்தது குளோஃபசிமினால். தினம் விழுங்கும் டாப்சோன்தான் எங்கள் வில்லன். அதுவும் ரத்தத்தை இப்படி மாற்றும், பிரிலோகைனும் மாற்றும், இரண்டும் சேர்ந்துகொண்டன. டாப்சோனை ஆறு மாதம் சாப்பிட்டும் ரத்தம் உடையாததை வைத்து, ஜி6பிடி நொதிக் குறை இருக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் முடிவெடுத்து மெத்திலீன் புளூவை மெதுவாக ஏற்றினார். அந்தக் குறை இருந்திருந்தால் அந்த மருந்தையும் கொடுக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் உதடு வெளுத்து, பிறகு சிவந்தது. ஒரு ராத்திரி வார்டில் வைத்திருந்து அனுப்பினோம். போகும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அவகிட்ட சொல்லிறாதீங்க சிஸ்டர்."

அன்று சாயங்காலம் பெரிய சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீ மாத்திரை கேட்ட. மனுஷனைக் கேக்கல" என்றார். மறுநாளிலிருந்து மைனர் ஓ.டி. வாசலில் துணைக்கு வந்தவரை நிறுத்திவிட்டு நோயாளியைத் தனியாகத்தான் கேட்போம். எங்கள் பிரிவின் பெயர்ப்பலகையிலேயே தொழுநோய் என்று எழுதியிருந்தது. அங்கேயே ஒருவர் அதை மறைக்க வேண்டியிருந்தது என்றால், அவர் சொல்லவில்லை என்று அவர்மேல் பழி போட முடியாது. கேட்கத் தெரியாதது என் குற்றம். சிவப்பு மூத்திரம், ஊரில் வாங்கும் அட்டை மாத்திரை, சல்ஃபா, வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை எல்லாவற்றையும் பெயர் சொல்லாமல் அடையாளம் சொல்லிக் கேட்கப் பழகினேன். கேட்டபோது ஆமாம் என்று சொன்னவர்கள் பலர். அவர்கள் எல்லாருக்கும் பிரிலோகைன் இல்லாத வழியைப் பார்த்தோம்: பனிக்கட்டி ஒத்தி, சின்ன ஊசி.

பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்ற பிறகு சிலேட்டை நான் எழுதினேன். என் கடைசி இரண்டு ஆண்டில் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், சிலேட்டு திரும்ப மாட்டப்படவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும் என்றார்கள். சீட்டு ஏறியது, பெயர் ஏறியது. கிரீம் வைத்த மணியை ஏற்ற அதில் கட்டம் இல்லை. புதிதாக வந்த பிள்ளைகள் டியூபை அம்மா கையில் கொடுத்து "தடவிட்டு உக்காருங்க" என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஊசி போடுவதில் காட்டும் கவனத்தில் கால்வாசியைக் கிரீமுக்குக் காட்டினால் போதும். கிரீம் என்று பெயர் வைத்ததே பாவமோ என்று சில சமயம் தோன்றும். முகத்துக்குப் பூசுகிற கிரீமோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். இதே லிக்னோகைனை 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் உண்டாக்கியபோது, அவருடைய இளம் சகா பெங்ட் லுண்ட்க்விஸ்ட் தன் உடம்பிலேயே போட்டுச் சோதித்துப் பார்த்தாராம். எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்வார். அவ்வளவு பொறுப்போடு பிறந்த மருந்து.

வெளியே நடப்பது இன்னும் மோசம். பச்சை குத்துகிற கடைகளில் பாதி வேலையில் வலிக்கிறது என்றால், ஊசி குத்திக் கசிந்துகொண்டிருக்கிற தோல்மேலேயே மறுபடி பூசுகிறார்கள். முகத்தில் ஊசிச் சக்கரம் உருட்டும் இடங்களிலும் இதுதான். கிழியாத தோலுக்கு என்று வகுத்த அளவு கிழிந்த தோலுக்கு விஷம். 2024 மார்ச்சில் அமெரிக்கத் துறை மறுபடியும் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது; சீட்டில்லாமல் விற்கும் பூச்சு மருந்தில் லிக்னோகைன் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. இங்கே ஆன்லைனில் வரும் டப்பாக்களில் 10 சதவீதம் என்று பெருமையாகவே போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வேகமாக மரக்கும் என்பதுதான் விளம்பரம். ஒரு மணி நேரம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அந்தப் பொறுமைக்குத்தான் எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

தம்பி மகள் முன்பணம் போனால் போகட்டும் என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தோல் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். காலுக்குக் கிரீமே வேண்டாம், கருவியின் குளிர் முனையே தாங்கும் என்றார். தாங்கியது. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு அத்தை" என்றாள்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது மரு எடுக்கவோ, லேசருக்கோ, பச்சை குத்தவோ போனால் கேளுங்கள்: என்ன மருந்து, எத்தனை சதவீதம், எத்தனை கிராம், எந்த மணிக்குத் துடைப்பீர்கள். அந்த மணியைப் பிளாஸ்டர்மேல் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் தினம் சாப்பிடும் மாத்திரையைத் தனியாகக் கூப்பிட்டாவது சொல்லிவிடுங்கள். தடவிய பிறகு நாக்கு மரத்தால், காதில் இரைச்சல் கேட்டால், தலை சுற்றினால், உதடு நீலம் பாரித்தால் யாரையும் கேட்காமல் கிரீமைத் துடைத்துக் கழுவிவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள், டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டிலேயே தடவிக்கொண்டு பஸ் ஏறி வரச் சொன்னால், ஏறாதீர்கள்.